கிடையா, பரணா, தனிக் கொட்டடியா: செம்மறிக் குட்டிக்கு முதல் பதினைந்து நாள்

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் நடுவே நாற்பது உருப்படி மேச்சேரி இனச் செம்மறி வைத்திருக்கிறோம். அப்பா காலத்தில் கிடை, அதாவது ராத்திரியில் வயலிலேயே வலை கட்டி மந்தையை அடைப்பது. ஆறு வருடத்துக்கு முன் பரண், அதாவது தரையிலிருந்து உயர்த்திச் சந்து விட்டுச் சட்டம் அடித்த கொட்டகை, போட்டோம். இப்போது மூன்றாவதாக ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். மூன்றிலும் குட்டி செத்திருக்கிறது. ஆனால் செத்த காரணம் ஒவ்வொன்றிலும் வேறு. ஐந்து மாதம் சினையாக இருந்த ஆடு, மூன்றாம் நாளே குட்டியைப் பறிகொடுத்துவிட்டு அது படுத்திருந்த இடத்தை முகர்ந்து முகர்ந்து கத்துவதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு எழுதுகிற கணக்கு இது.

முதலில் கிடை. அதைப் பழைய பழக்கம் என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. இரண்டு, மூன்று ராத்திரிக்கு ஒருமுறை வலையைப் பிடுங்கி அடுத்த வயலுக்குப் போய்விடுகிறோம். இளங்குட்டிகளைக் கொல்லும் ரத்தக் கழிச்சலுக்குக் காரணமான கிருமி புழுக்கையோடுதான் வெளியே வருகிறது. வந்த உடனே அது தொற்றாது. ஈரமும் கதகதப்பும் கிடைத்து, சில நாள் போன பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். அதற்குள் மந்தை வேறு மண்ணில் படுத்திருக்கும். கிடையில் இருந்த வருடங்களில் கழிச்சலால் நாங்கள் இழந்த குட்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். வயலில் விழும் எருவுக்காக வயல்காரர் கொடுக்கும் கிடைக்கூலி தனி.

கிடையின் எதிரி மழை. எங்கள் மந்தையில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழி வரைதான் ஈனும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். ஒரு கார்த்திகை விடியலில், ராத்திரி ஈன்ற குட்டி ஒன்று வலையோரம் சேற்றில் கிடந்தது. தாய் பாதி நக்கிவிட்டு நகர்ந்திருந்தது. வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன், கிணற்றுத் தண்ணீர் போல ஜில்லென்று இருந்தது. பெரியப்பா பதறிப்போய், "பால் ஊத்துடா, மொதல்ல பால் ஊத்து" என்றார். ஊற்றினோம். கொஞ்ச நேரத்தில் மூக்கு வழியாகப் பால் வந்தது, குட்டி போய்விட்டது. குளிர்ந்துபோன குட்டிக்கு விழுங்கும் சக்தி இருக்காது, ஊற்றிய பால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்று பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. முதலில் துடைத்து, சாக்கில் சுற்றி, அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் வைத்துச் சூடேற்ற வேண்டும். வாயில் சூடு திரும்பி, விரலைச் சப்ப ஆரம்பித்த பிறகுதான் பால். அடுத்த வருடம் இதே மாதிரி கிடந்த இரண்டு குட்டிகளை இப்படித்தான் பிழைக்க வைத்தோம்.

நாய் இன்னொரு தொல்லை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டை ஒட்டிக் கிடை போடுகிறவர்களுக்குச் சிறுத்தை பயமும் உண்டு.

அடுத்தது பரண். நான்கு அடி உயரத்தில் சட்டம் அடித்தால் புழுக்கையும் மூத்திரமும் கீழே போய்விடும். குளம்பு நனையாது, படுக்கும் இடத்தில் ஈரம் தங்காது. அடியில் சேரும் எருவுக்கும் நல்ல கிராக்கி. பெரிய ஆடுகளுக்குப் பரணை மிஞ்சியது இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஆனால் பிறந்து நான்கு நாள் ஆன குட்டிக்கு அது சரியான இடமில்லை. மேச்சேரிக் குட்டி பிறக்கும்போது இரண்டு கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும், அவ்வளவுதான். பெரிய ஆட்டுக்கு ஏற்றபடி விட்ட சந்தில் அதன் கால் இறங்கிவிடும். எங்களுக்கு அப்படி இரண்டு குட்டிக்குக் கால் முறிந்தது. அதைவிடக் கெடுதல், அடியிலிருந்து ஏறும் மார்கழிக் காற்று. தளி, ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தக் குளிரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மேலே கூரை, சுற்றிலும் தார்ப்பாய் எல்லாம் போட்டிருந்தோம். குட்டியின் வயிற்றுக்கு அடியில் காற்று ஓடிக்கொண்டே இருந்தது. முதல் வருடம் சளிப் பிடித்து, விலா இழுக்க இழுக்க மூச்சு விட்டு, ஐந்து குட்டிகள் போயின. நெரிசலில் இன்னொன்றும் நடக்கும். ஈனப்போகும் ஆடு, பக்கத்தில் அப்போதுதான் பிறந்த குட்டியை நக்கித் தன்னுடையதாக்கிக்கொள்ளும். பிறகு தான் ஈன்றதைச் சேர்க்காது.

மூன்றாவது, தனிக் கொட்டடி. பரணுக்குப் பக்கத்திலேயே மேடான தரையில், காற்று அடிக்கும் பக்கம் சுவர் வைத்து, ஐந்தடிக்கு நான்கடியாக ஆறு தடுப்பு. பழைய கதவுப் பலகை, மூங்கில் தட்டி, கிடைத்ததை வைத்துக் கட்டினோம். தரையில் சுண்ணாம்பு தூவி, மேலே ராகித் தாளும் நிலக்கடலைத் தொலியும். மடி இறங்கி, ஆடு ஒதுங்கி நின்று தரையைக் காலால் பறிக்க ஆரம்பித்ததும் உள்ளே விட்டுவிடுவோம். ஒற்றைக் குட்டி என்றால் மூன்று நாள், இரட்டை என்றால் ஐந்து நாள் தாயும் குட்டியும் அங்கேயே. அப்புறம் பெரிய தடுப்பில் மற்ற குட்டிகளோடு. பதினைந்து நாள் கழித்துத்தான் பரண்.

இதில் வேலை அதிகம். அதை மறைக்க மாட்டேன். கிடையில் மண் தானாக மாறியது, இங்கே தாளை நாம்தான் மாற்ற வேண்டும். ஒரு ஆடு போய் அடுத்தது வருவதற்குள் அள்ளிக் கொட்டிப் புதிதாகப் போடாவிட்டால் மூன்றிலும் மோசமான இடம் இதுதான். ஈரத் தாளில் படுத்த குட்டிக்குத் தொப்புள் வழியாகச் சீழ் ஏறி மூட்டு வீங்கும், மூன்றாவது வாரம் ரத்தக் கழிச்சல் வரும். தொப்புள் கொடியைப் பிறந்த உடனே டிங்சர் அயோடினில் முக்குவது இங்கே கட்டாயம். பராமரிக்க ஆள் இல்லாதவர்கள் இதற்குள் இறங்காமல், பரணின் ஒரு மூலையில் சாக்கும் தாளும் தடிமனாக விரித்து, கீழ்க்காற்றையும் அடைத்து வைத்துக்கொள்வதே மேல்.

ஆள் இருந்தால் தனிக் கொட்டடிதான் என்பது என் முடிவு. காரணம் சீம்பால். செம்மறியில் நோய் எதிர்ப்புச் சக்தி கருவிலேயே குட்டிக்குப் போய்ச் சேருவதில்லை. முழுக்க முழுக்கச் சீம்பாலில்தான் வருகிறது. குட்டியின் குடல் அதை உறிஞ்சுவதும் முதல் ஒரு நாளைக்குத்தான், அதிலும் முதல் சில மணி நேரம்தான் உச்சம். இரண்டு கிலோ குட்டிக்கு அன்றைக்குள் 200 மில்லியாவது உள்ளே போக வேண்டும். கிடையிலும் பரணிலும் எது குடித்தது, எது குடிக்கவில்லை என்று இருட்டில் தெரியாது. தடுப்புக்குள் குனிந்து வயிற்றைத் தொட்டாலே தெரிந்துவிடும்.

தாய் செத்துவிட்டால், அல்லது பால் இல்லாவிட்டால்? குட்டியை இழந்த ஆட்டிடம் சேர்ப்பதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. செத்த குட்டியின் தோலை உரித்து இதற்குப் போர்த்திவிட்டால் வாசனையை நம்பிச் சேர்த்துக்கொள்ளும். பார்க்க மனசு கஷ்டமாக இருக்கும், ஆனாலும் பலிக்கும். செத்த குட்டி நோயில் போயிருந்தால் மட்டும் இதைச் செய்யக்கூடாது. அடுத்தது, சாதுவான வெள்ளாடு ஒன்று. கடைசி வழி, புட்டியில் மாட்டுப்பால். செம்மறிப் பாலில் கொழுப்பு ஏழு சதவீதம் அளவுக்கு இருக்கும், பசும்பாலில் நான்கு சுமார். ஏற்கெனவே நீர்த்ததில் இன்னும் தண்ணீர் கலந்து கொடுப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. கலக்காமல், உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாளைக்கு ஐந்து வேளை கொடுங்கள்.

குட்டி திடீரென்று துள்ளி விழுந்து செத்துப்போகும் துள்ளுமாரி நோய்க்கும் இரண்டு வழி பேசுகிறார்கள். குட்டி பிறந்ததும் ஊசி போடலாம் என்பது ஒன்று, சினை ஆட்டுக்கே போடலாம் என்பது இன்னொன்று. சினை ஆட்டுக்கு ஈனுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் முன்பு போடுவதே சரி. அந்தப் பாதுகாப்பு சீம்பாலில் இறங்கிக் குட்டியைச் சில மாதம் காக்கும். பிறந்த குட்டிக்குப் போடும் ஊசி அந்த வயதில் சரியாக வேலை செய்யாது. நிறையப் பால் குடித்துக் கொழுகொழுவென்று இருக்கும் ஒற்றைக் குட்டிதான் இந்த நோயில் முதலில் துள்ளி விழும் என்பதால் அதன் தாயை விட்டுவிடாதீர்கள். அதே கடைசி மாதத்தில்தான் கருவில் குட்டி வேகமாக வளர்கிறது. மேய்ச்சலோடு தினம் 200 கிராமாவது அடர்தீவனம் வையுங்கள். இரட்டை சுமக்கும் ஆடு தீனியை விட்டுவிட்டு, கண் தெரியாதது போல நின்றால் காத்திருக்க வேண்டாம், கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்குக் கூப்பிடுங்கள்.

இடத்தோடு சேர்ந்த இன்னொரு விஷயம், நஞ்சுக்கொடி. கிடையில் அது விழுந்த இடத்திலேயே கிடக்கும், நாய் தின்னும், ருசி கண்ட நாய் மறுநாள் குட்டிக்கே வரும். கொட்டடியில் விழுந்தால் கண்ணில் பட்டுவிடும். குறைமாதத்தில் குட்டியை வீசிய ஆடாக இருந்தால் வெறும் கையால் தொடவே கூடாது, அது மனிதர்களுக்கும் ஒட்டும் நோயாக இருக்கலாம். மாசமாக இருக்கும் பெண்களை ஆடு ஈனும் பக்கமே விடாதீர்கள். எங்கள் வீட்டில் மருமகள் மாசமாக இருந்த வருடம் முழுக்க அந்த வேலையை நானும் தம்பியும்தான் பார்த்தோம். கையுறை போட்டு எடுத்து, வேலிக்கு வெளியே ஆழக் குழியில் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்து, நாய் பறிக்காமல் மேலே கருங்கல் ஏற்றிவிடுகிறோம்.