பொலிகாளைத் தேர்வு: தாயின் பாலா, மகள்களின் பாலா, மரபணு சிப்பா?

காளை பால் கறக்காது. மகள்களுக்கு அது எவ்வளவு கறவைத் திறனைக் கடத்தும் என்பதை வேறு வழியில்தான் கணிக்க வேண்டும்.

தாய் கறந்த பாலை வைத்துக் காளையை மதிப்பிடுவது பழைய வழி. அதை மட்டும் நம்பாதீர்கள். கூடப்பிறந்த இரண்டு காளைகளுக்கும் பெற்றோர் கணக்கு ஒன்றுதான். ஆனால் தாயின் நல்ல மரபணுக்கள் யாருக்கு வந்தன என்பது அதில் தெரியாது.

மகள்களை அளப்பது உறுதியான வழி. காளையின் விந்தைப் பல பண்ணைகளில் ஊசி போட்டு, பிறந்த கிடேரிகள் வளர்ந்து கன்று ஈன்று, முதல் ஈத்துப் பாலை அளக்க வேண்டும். அதற்குள் காளைக்கு ஐந்தாறு வயதாகிவிடும். நூறு மகள்கள் இருந்தால் பாலுக்கான நம்பகத்தன்மை, அதாவது கணிப்பு காளையின் உண்மையான மரபுத் திறனோடு எவ்வளவு ஒத்துப்போகும் என்பது, 85 சதவீதத்தைத் தாண்டும். பத்தோடு நிறுத்தினால் 40 சதவீதம்தான். சினைப்பிடிப்பில் மரபின் பங்கு மிகக் குறைவு. அதனால் அங்கே நூறு மகள்களும் சேர்ந்து பாதி நம்பகத்தைத்தான் தருவார்கள்.

மரபணு சிப்புக்குக் கன்றின் கொஞ்சம் முடி போதும். டிஎன்ஏவில் ஐம்பதாயிரம் இடங்களைப் படித்து, பிறந்த உடனேயே சுமார் 70 சதவீத நம்பகத்தோடு மதிப்பு சொல்லிவிடும். 2009இல் அமெரிக்கா ஹோல்ஸ்டீன் இனத்துக்கு இதை அதிகாரபூர்வமாக்கியது. பொலிகாளை பிறக்கும்போது அதன் தகப்பனுக்கு முன்பு சராசரி வயது ஏழு. பிறகு இரண்டரைக்கு இறங்கியது. நம்பகம் கொஞ்சம் குறைந்தாலும் தலைமுறை வேகத்தில் சிப்தான் ஜெயிக்கிறது.

மகள்களின் பால் காட்டாததையும் சிப் காட்டும். 1962இல் பிறந்த 'சீஃப்' என்ற ஹோல்ஸ்டீன் காளைக்கு 16,000 மகள்கள்; பாலில் அருமை. ஆனால் அது சுமந்த ஒரு மரபணுப் பழுது, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் கரு கலைந்துவிடும். ஏட்டில் அது 'சினை நிற்கவில்லை' என்று மட்டுமே பதிவாகும். 2011இல் சிப் தரவைப் பார்த்தவர்கள், ஒரு மரபணுத் துண்டு உயிரோடுள்ள எந்த மாட்டிலும் இரட்டையாக இல்லை என்பதைக் கவனித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

சரி, நம் ஊருக்கு? தேசிய பால்வள மேம்பாட்டு வாரியத்தின் இண்டஸ்சிப் என்ற மரபணு சிப் ஏற்கெனவே இருக்கிறது. 2024 அக்டோபரில் மாட்டுக்கு கௌசிப், எருமைக்கு மகிஷ்சிப் வந்தன. ஆனால் சிப்பின் கணக்கு, பால் அளந்து பதிவான நம் மாடுகளிலிருந்துதான் உருவாக வேண்டும். அமெரிக்க ஹோல்ஸ்டீன் கணக்கு கிர் மாட்டுக்கோ நம் ஜெர்சி கலப்பினத்துக்கோ பொருந்தாது. இரண்டு மாடு வைத்திருப்பவர் வீட்டிலும் மாதம் ஒருமுறை பாலை அளந்து காதுத் தோடு எண்ணோடு எழுதும் வேலை நடக்கும் இடங்களில் சிப்பை நம்பி இளங்காளையை எடுக்கலாம். பதிவே இல்லாத இனத்துக்கு முதல் செலவு பால் அளக்கும் ஆட்களுக்குப் போக வேண்டும், சிப்புக்கு அல்ல.