ஃபோமா, கப்பாசிட்டரா: பழைய ஸ்பீக்கருக்கு எதை முதல் மாத்துறது?
திருமலையில பழைய உயரமான ஸ்பீக்கர் வச்சிருக்கிற ஆக்களுக்கு, காசு ஒரு வேலைக்குத்தான் காணுமெண்டா வூஃபர் (தாழ்ந்த சத்தம் தாற பெரிய ஸ்பீக்கர்) விளிம்பு ஃபோமத்தான் நான் முதல் மாத்தச் சொல்லுவன்.

1978ல வந்த ஏஆர்9 (அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பனிட ஸ்பீக்கர்) மாதிரி பெட்டியளில, பக்கத்துக்கு ஒண்டா ரெண்டு 12 இஞ்சி வூஃபர், சுத்திவர ஃபோம், அது பாட்டுப் போடாம மூடி வச்சாலும் உக்கும், உப்புவெளிப் பக்கத்து ஈரக்காத்தில கேக்கவே வேணாம். விரலால தொட்டுப் பாருங்க, தூளாக் கொட்டினா அதோட சத்தம் கூட்டிப் போடாதீங்க, கோன் (அதிருற கூம்பு) நடுவில நிக்காம அதோட ஒட்டின கம்பிச்சுருள் கொயில் உரசி எரிஞ்சா பிறகு முழு வூஃபரும் தேட வேணும். ஃபோம் தனியா மலிவுதான், ஒட்டேக்க நடு பிசகாம இருக்கிறதுதான் பெரிய வேலை. ரப்பர் விளிம்பெண்டா இந்தக் கவலை குறைவு.

ட்வீட்டருக்கு (கூர்ச் சத்தம் தாற சின்ன ஸ்பீக்கர்) போற சத்தத்தப் பிரிச்சு விடுற கப்பாசிட்டர் அவசரமில்ல. எலக்ட்ரோலிட்டிக் வகை கப்பாசிட்டர் உள்ள காய்ஞ்சா ட்வீட்டர் மங்கும், மெதுவாத்தான், காதும் பழகிப்போயிரும் (அதுதான் சிக்கல்). மாத்தேக்க ரெண்டு பெட்டிக்கும் சேத்து மாத்துங்க, வோல்டேஜ் பழையதிலும் குறையாம, பிளஸ்-மைனஸ் (போலாரிட்டி) இல்லாதது. ஃபிலிம் வகை கப்பாசிட்டர் போட்டா தடை குறைஞ்சு ட்வீட்டர் கொஞ்சம் கூர்மையாக் கேக்கலாம், அதோட தொடரா (சீரிஸா) ஒரு சின்ன ரெசிஸ்டர் போட்டா அடங்கும்.