இட்ரியம் பேரியம் செம்பு ஆக்சைடா, இரும்பு செலினைடா?

மதுரையில் எம்.எஸ்சி. இயற்பியல் ப்ராஜெக்ட்டுக்கு மீக்கடத்தி (கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்) எடுப்பவர்களுக்கு என் முதல் ஓட்டு இட்ரியம் பேரியம் செம்பு ஆக்சைடுக்குத்தான். 1987-இல் வந்த இது சுமார் 93 கெல்வினில் (ஏறத்தாழ மைனஸ் 180 டிகிரி செல்சியஸ்) மின்தடையை இழக்கிறது. 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜனே போதும்; மாட்டுச் சினை ஊசிக்காக கால்நடை மருந்தகங்களில் புழங்கும் பொருள்தான். பொடிகளை அரைத்து, உலையில் சுட்டு, ஆக்சிஜனில் மெதுவாக ஆறவிட வேண்டும். ஆக்சிஜன் மிகவும் குறைந்தால் அதே பொருள் மீக்கடத்தாது, எதிர்ஃபெர்ரோ காந்தமாகிவிடும், அதாவது பக்கத்துப் பக்கத்து அணுக்களின் காந்தங்கள் எதிரெதிராகத் திரும்பி நிற்கும். காந்தமும் மீக்கடத்தலும் எப்படிப்பட்ட பங்காளிகள் என்பதை ஒரே உலையில் பார்த்துவிடலாம்!

இரும்பு செலினைடு 2008-இல் வந்தது. இதற்கு சுமார் 8 கெல்வின், அதாவது திரவ ஹீலியக் குளிர் வேண்டும். செலினியம் நச்சு, காற்று நீக்கி மூடிய குவார்ட்ஸ் குழாயில்தான் சுட வேண்டும். ஆனால் உயர் அழுத்தத்தில் இது மீக்கடத்தத் தொடங்கும் வெப்பநிலை சுமார் 37 கெல்வினைத் தொடுகிறதே, அது அபாரம். வெளியூர் ஆய்வகத்தில் அளக்க நேரம் கிடைத்தால், சரி, இதையே எடுங்கள்.