சிற்றூரில் கட்டட அனுமதி: நாமே விண்ணப்பிப்பதா, ஒப்பந்ததாரரிடம் விடுவதா?

இருக்கும் வீட்டோடு ஓர் அறையைச் சேர்க்கவோ, வாசலுக்கு மேல் கூரை இழுக்கவோ, குளியலறையை வேறு மூலைக்கு மாற்றவோ சிற்றூரில் அனுமதி வாங்க நினைப்பவருக்கு இரண்டு வழிகள் உள்ளன. வீட்டு உரிமையாளர் தம் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். அல்லது வேலையை எடுக்கும் ஒப்பந்ததாரரே அனுமதியையும் வாங்கித் தரட்டும் என்று விட்டுவிடலாம். என் வீட்டின் பின்புறத்தில் ஓர் அறை சேர்த்தபோது நான் முதல் வழியில் போனேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரசுக் கட்டணம் யார் கட்டினாலும் அதேதான். ஒப்பந்ததாரர் தம் அலைச்சலுக்கு ஒரு தொகையைச் சேர்த்துக்கொள்வார், அது நியாயமும்கூட. வண்ணம் பூசுவது, தரை ஓடு பதிப்பது, அலமாரி அடிப்பது போன்றவற்றுக்குப் பெரும்பாலான இடங்களில் அனுமதியே வேண்டியதில்லை. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் சர்வதேசக் குடியிருப்பு விதித்தொகுப்பு, வீட்டிலிருந்து தனித்து நிற்கும் 200 சதுர அடி வரையிலான ஒற்றைத்தளக் கொட்டகைக்கும் விலக்கு அளிக்கிறது. ஆனால் கட்டட அனுமதி தேவையில்லை என்பதால், எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளியும் தேவையில்லை என்று ஆகிவிடாது. விலக்கு பெற்ற கொட்டகைகள்கூடச் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சிற்றூர் அலுவலகங்களில் ஆள் குறைவு. ஆய்வாளர் பல ஊர்களுக்குப் பொதுவானவராக இருந்து, குறிப்பிட்ட நாள்களில் மட்டும் வந்துபோவதும் உண்டு. இதைக் குறையாகவே பார்க்கிறோம். உரிமையாளர் நேரில் போகும்போது இதுவே சாதகமாகவும் அமைகிறது. முறையான வரைபடம் போடுவதற்கு முன்பே, கையால் வரைந்த ஒரு தாளைக் காட்டி, 'இங்கே இவ்வளவு தூரம் விட்டால் போதுமா?' என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடிகிறது. என் மனைப் படத்தை மேசையில் விரித்ததும் எழுத்தர் முதலில் தேடியது புதிய அறையை அல்ல, கழிவுநீர்த் தொட்டியை. அதிலிருந்து அடித்தளம் எவ்வளவு தள்ளி இருக்கிறது, கிணறு எங்கே, எல்லைக் கல் எங்கே என்று அளவுகோலை வைத்துப் பார்த்த பிறகே அறையின் நீள அகலத்துக்கு வந்தார். வீட்டைச் சுற்றி மண்ணுக்கடியில் எது எங்கே கிடக்கிறது என்பது உரிமையாளருக்குத் தெரிந்த அளவுக்கு, வேறொரு வீட்டுக்குப் போட்ட படத்தை எடுத்துத் திருத்தித் தரும் ஒப்பந்ததாரருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இருந்தாலும் என் முடிவைத் தீர்மானித்தது இது அல்ல. அனுமதிக் கோப்பை யார் முடித்துவைப்பார் என்ற கேள்விதான். அனுமதித் தாள் கைக்கு வந்ததும் வேலை முடிந்துவிட்டதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்குப் பிறகுதான் ஆய்வுகள் தொடங்குகின்றன. அடித்தளத்தில் கம்பி கட்டிய பின், கான்கிரீட் கொட்டுவதற்கு முன் ஒன்று; வயரிங்கும் குழாய்களும் பதித்த பின், சுவரை மூடுவதற்கு முன் ஒன்று; எல்லாம் முடிந்த பின் இறுதியாக ஒன்று என்பது பொதுவான வரிசை. இவற்றுக்கு ஆய்வாளரை அழைக்க வேண்டியவர் அனுமதி பெற்றவரே. முதல் இரண்டையும் ஒப்பந்ததாரர் தவறவிட மாட்டார், ஏனெனில் அவை இல்லாமல் அடுத்த வேலைக்குப் போக முடியாது. இறுதி ஆய்வு அப்படிப்பட்டதல்ல. கடைசித் தவணையை வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டவருக்கு, மாடிப்படிக் கைப்பிடியின் உயரத்தை ஆய்வாளரிடம் காட்டுவதற்காகத் திரும்பி வருவதில் எந்த ஆதாயமும் இல்லை.

அவ்வாறு இறுதி ஆய்வு நடக்காமல் திறந்தே கிடக்கும் அனுமதி நாளடைவில் காலாவதியாகும். மேற்சொன்ன விதித்தொகுப்பின்படி, அனுமதி பெற்று 180 நாள்களுக்குள் வேலையைத் தொடங்காவிட்டாலும், தொடங்கிய வேலை 180 நாள்கள் நின்றுபோனாலும் அனுமதி செல்லாது. காரணம் காட்டி எழுத்து மூலம் நீட்டிப்புக் கேட்கலாம். இது குறித்த கடிதங்கள் விண்ணப்பதாரரின் முகவரிக்கே போகும். அது ஒப்பந்ததாரரின் முகவரியாக இருந்தால் உரிமையாளருக்குத் தகவலே எட்டாது. பல ஆண்டுகள் கழித்து வீட்டை விற்கும்போதோ அடமானம் வைக்கும்போதோ, வாங்குபவரின் வழக்கறிஞர் நிறைவுச் சான்றைக் கேட்கும் நாளில்தான் விஷயம் வெளிவரும். அதற்குள் அலுவலகத்தில் ஆள் மாறியிருப்பார், காகிதக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். முத்திரையிட்ட வரைபடம், ஒவ்வோர் ஆய்வின் ஒப்புதல், கட்டண ரசீது ஆகிய மூன்றும் உரிமையாளரின் கையில் இருந்தால் இந்த அவதி பெருமளவு குறையும். தாமே விண்ணப்பித்தவரிடம் இவை இயல்பாகவே இருக்கும்.

ஒப்பந்ததாரர் வழிக்கும் வலுவான காரணங்கள் உண்டு. அனுமதி அவர் பெயரில் இருந்தால், விதிமீறலுக்கு அலுவலகம் முதலில் கேட்பது அவரைத்தான். உரிமையாளர் தம்மையே கட்டுநராகக் காட்டிக்கொண்டால், அந்தப் பொறுப்பும், சில இடங்களில் வேலையாட்களுக்கு ஏற்படும் காயத்துக்கான பொறுப்பும் அவர் தலையில் விழும். காப்பீட்டை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்வது அவசியம். நாமாக விரும்பி விண்ணப்பிப்பது வேறு, 'உங்கள் பெயரிலேயே வாங்கிவிடுங்கள்' என்று ஒப்பந்ததாரர் வற்புறுத்துவது வேறு. பின்னதைக் கேட்டால், அவருடைய உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். மின்சாரம், எரிவாயு வேலைகளுக்கு உரிமம் பெற்றவரே விண்ணப்பிக்க வேண்டும் என்ற விதியும் பல இடங்களில் இருக்கிறது. சுமைதாங்கும் சுவரை இடிப்பது, மேல்தளம் எழுப்புவது போன்றவற்றை நான் கையாண்டதில்லை. பொறியாளரின் கையொப்பம் தேவைப்படும் அத்தகைய வேலைகளில் என் சாய்வை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளியூரில் வசிப்பவர்களுக்கும் இது பொருந்தாது.

'முதலில் கட்டுவோம், பிறகு பார்த்துக்கொள்வோம்' என்பதையும் சிலர் ஒரு வழியாகச் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் 1985 நவம்பர் 11 முதல் ஒப்புதலின்றி நடந்த கட்டட வேலைகளுக்குப் பின்னர் விண்ணப்பித்து முறைப்படுத்தும் சான்று பெற முடியும். ஆனால் பூசி மூடியதைத் திறந்து காட்டும்படி அலுவலகம் கேட்கலாம். புதுச் சுவரை உடைத்து உள்ளே இருக்கும் கம்பியைக் காட்டும் செலவோடு ஒப்பிட்டால், முன்கூட்டியே வாங்கும் அனுமதி மலிவு.

ஒப்பந்ததாரரிடமே விடுவதென்று முடிவுசெய்தவர்கள் ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைச் சேர்த்துக்கொள்ளலாம்: அலுவலகம் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தின் நகலும் உரிமையாளருக்கு வர வேண்டும், இறுதி ஆய்வின் ஒப்புதல் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணை. இரண்டாவது வரிக்கு அவர் தயங்கினால், விண்ணப்பத்தை நம் பெயரில் கொடுத்துவிடுவதே நல்லது.