இபிஎஃப்ஓ இணையச் சேவை: தனியார் கல்லூரி ஆசிரியருக்கு எவ்வளவு பயன்?

இபிஎஃப்ஓ (ஊழியர் வருங்கால வைப்பு நிதி அமைப்பு) இணையதளத்தில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்ததும் எல்லாரும் கடைசி வரியில் இருக்கும் இருப்பைத்தான் பார்க்கிறார்கள். சுயநிதிக் கல்லூரி ஆசிரியர் முதலில் பார்க்க வேண்டியது மாத வரிகளை.

ஒவ்வொரு வரியிலும் ஊழியர் பங்கு, நிர்வாகப் பங்கு, பென்ஷன் பங்கு என மூன்று தொகைகள். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் என்றால் அவை 1,800, 550, 1,250 என்று இருக்க வேண்டும். கையில் 30,000 வாங்குபவருக்கு ஊழியர் பங்கு 900தான் என்றால், அடிப்படையை 7,500 என்று காட்டிவிட்டு மீதியைப் படிகளாகப் பிரித்திருக்கிறார்கள் என்று பொருள். எல்லாருக்கும் ஒரே மாதிரி தரும் படியும் பி.எஃப். கணக்கில் சேரும் என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அந்த வழக்கில் ஒரு பள்ளியும் இருந்தது.

இந்தச் சேவையிலேயே சிறந்த பகுதி, பலருக்கும் தெரியாத 'எஸ்டாபிளிஷ்மென்ட் சர்ச்'. லாகின் வேண்டாம், கல்லூரியின் பெயரோ குறியீட்டு எண்ணோ கொடுத்து கேப்சாவை நிரப்பினால் போதும். எந்த மாதத்துக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு பணம், எத்தனை பேருக்குக் கட்டப்பட்டது என்பது வந்துவிடும். கெடு அடுத்த மாதம் 15ஆம் தேதி. நூறு பேர் வேலை பார்க்கும் இடத்தில் அறுபது பேருக்குத்தான் கட்டியிருக்கிறார்கள் என்றால், ஆசிரியர் சங்கம் பேச்சுவார்த்தைக்குப் போகுமுன் கையில் எடுத்துக்கொள்ள வேண்டிய தாள் இதுதான்.

சிக்கல் கல்லூரி மாறும்போது வருகிறது. பழைய நிர்வாகம் பணி விலகிய தேதியைப் பதியாவிட்டால் பி.எஃப். கணக்கின் டிரான்ஸ்ஃபர் நகராது. கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழிந்ததும் 'மார்க் எக்ஸிட்' வழியாக ஆதார் ஓடிபி கொடுத்து நாமே பதியலாம். தேதியைத் தப்பாகப் போட்டால் திருத்துவது பெரும்பாடு. விடுவிப்பு ஆணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். டிரான்ஸ்ஃபர் முடிந்தபின் புதிய பாஸ்புக்கில் பென்ஷன் பங்கு பூஜ்யமாக இருந்தால் பதற வேண்டாம். பென்ஷனுக்கு மாறிப்போவது பணிக்காலம்தான், பணம் அல்ல.

அந்தப் பணிக்காலம் 'சர்வீஸ் ஹிஸ்டரி'யில் விடுபட்டால் நஷ்டம் நிரந்தரம். பென்ஷனுக்கான சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாயில் 18 ஆண்டுப் பணிக்கு (15,000 × 18 ÷ 70) மாதப் பென்ஷன் 3,857 ரூபாய். முதல் கல்லூரியின் 6 ஆண்டு சேராவிட்டால் 2,571தான். மே மாதச் சம்பளம் தராத கல்லூரிகளில் அந்த மாத வரியையும் பாருங்கள்; சந்தா இல்லாத நாட்கள் பணிக்காலத்தைக் குறைக்கும். 2014 செப்டம்பருக்குப் பிறகு முதன்முறையாக 15,000க்கு மேல் அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்தவருக்குப் பென்ஷன் பங்கு பிடிக்கவே கூடாது. தவறாகப் பிடித்திருந்தால் இப்போதே திருத்தக் கேளுங்கள். ஓய்வுக்குப் பின் தெரியவந்தால் பென்ஷன் விண்ணப்பம் திரும்பி வரலாம்.

புகார்ப் பகுதிதான் பலவீனம். 'நிர்வாகத்தை அணுகவும்' என்ற ஒற்றை வரியோடு மூடப்படும் புகார்கள் உண்டு. பொதுவாகப் புலம்பி எழுதாமல், சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டிய மாதங்களையும் பாஸ்புக்கில் வராத மாதங்களையும் பட்டியலிட்டு, இரண்டின் நகலையும் இணையுங்கள். பிடித்த பணத்தைக் கட்டாதது குற்றவியல் நம்பிக்கை மோசடி என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். வேலையில் இருப்பவர் தன் பெயரில் புகார் போடத் தயங்குவார். அந்த இடத்தில் சங்கமே இபிஎஃப்ஓ மண்டல அலுவலகத்துக்கு எழுதி, நிலுவையைக் கணக்கிடும் விசாரணையைக் கேட்கலாம்.