கோழிக்கரு ஸ்லைடுப் பெட்டி: விலங்கியல் ஆய்வகத்துக்கு வாங்கலாமா?

இளங்கலை விலங்கியல் மாணவர்களின் கருவியல் செய்முறை வகுப்புக்காக எங்கள் துறையில் வாங்கிய கோழிக்கரு ஸ்லைடுப் பெட்டியை ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்திப் பார்த்தோம். 18, 24, 33, 48, 72 மணி நேரம் அடைகாத்த முட்டைகளிலிருந்து எடுத்த முழுக்கருக்களைக் கார்மைன் என்ற சிவப்புச் சாயமேற்றிப் பதித்திருக்கிறார்கள்.

வாங்கிய காசுக்கு 33 மணி ஸ்லைடு ஒன்றே போதும் என்று சொல்லத் தோன்றுகிறது. குறைந்த உருப்பெருக்கத்திலேயே முன்மூளையின் இருபுறமும் பின்னர் கண்களாக வளரும் கண்குமிழ்கள் புடைத்து நிற்பதும், அவற்றுக்குப் பின்னால் இதயக்குழல் கருவின் வலப்பக்கமாக வளைந்திருப்பதும் துல்லியமாகத் தெரிகின்றன. ரத்த ஓட்டம் அமைவதற்கு முன்பே, ஏறத்தாழ இந்தக் கட்டத்தில்தான், இதயம் துடிக்கத் தொடங்குகிறது என்பதை இதைக் காட்டியே விளக்கிவிடலாம். 18 மணி ஸ்லைடில் சாயம் சற்று வெளுத்திருக்கிறது. 48 மணி ஸ்லைடில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பெரிய குறை, ஸ்லைடில் ஒட்டிய சீட்டில் மணிக்கணக்கை மட்டும் அச்சிட்டிருப்பதுதான். முட்டை இடப்படுவதற்கு முன்பே தாய்க்கோழியின் உடலுக்குள் கரு வளரத் தொடங்கிவிடுவதாலும், அடைகாப்பானின் வெப்பநிலை சிறிது மாறினாலும் வளர்ச்சி வேகம் மாறிவிடுவதாலும், மணிக்கணக்கை மட்டும் வைத்துக் கருவின் வயதைச் சொல்வது நம்பத்தக்கதன்று. கருவியலாளர்களான ஹாம்பர்கரும் ஹாமில்டனும் 1951இல் உறுப்பமைப்பை அடிப்படையாகக் கொண்டு கோழிக்கருவின் வளர்ச்சியை 46 நிலைகளாகப் பகுத்ததற்கு இதுவே காரணம். எங்கள் பெட்டியில் 24 மணி எனக் குறித்த ஸ்லைடில் சோமைட்டுகளை (நரம்புக்குழலின் இருபுறமும் இணை இணையாக அமையும் திசுக்கட்டிகளை) எண்ணினால் ஏழு இணைகள் இருக்கின்றன. அவர்களது பட்டியலின்படி அது 29 முதல் 33 மணி வரைக்குரிய நிலை. ஸ்லைடைப் பார்த்து அடையாளம் சொல்லும் ஸ்பாட்டர் தேர்வில் சீட்டை மறைத்துவிட்டு அடையாளம் காணச் சொன்னால், சரியாக எண்ணத் தெரிந்த மாணவருக்குத்தான் மதிப்பெண் குறையும்! சோமைட் எண்ணிக்கையைச் சீட்டில் சேர்த்துத் தரும்படி வாங்கும்போதே விற்பனையாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

72 மணிக் கரு பீட்ரூட் துண்டைப் போல அடர்ந்து சிவந்திருப்பதால் கால், சிறகு அரும்புகளின் விளிம்பு மட்டுமே புலப்படுகிறது. பதிப்பும் தடிமனாக இருப்பதால் 40 மடங்கு லென்ஸை இறக்கினால் மூடுகண்ணாடி உடைந்துவிடும். அந்த ஸ்லைடை ஆசிரியர் மேற்பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டும்.

முழுக்கருவை மட்டும் பார்த்து, மூளையும் தண்டுவடமுமாக வளரும் நரம்புக்குழல் மூடிக்கொள்வதையோ அதன் அடியில் கருவின் தாங்குதண்டான முதுகுநாண் அமைந்திருப்பதையோ கற்பிக்க இயலாது. இந்தக் குறைகள் இருந்தாலும் இளங்கலை வகுப்புக்கு இந்தப் பெட்டியைத் தயங்காமல் வாங்கலாம். முதுகலை வகுப்பு நடத்தும் துறைகள், இந்த உள்ளமைப்பைக் காட்ட, 33 மணிக் கருவின் குறுக்குவெட்டு ஸ்லைடுகளையும் தனியாகச் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்.