மாத்திரையா, ஆபரேஷனா: எதுக்களிப்பு நோயில் ஆய்வுகள் எந்தப் பக்கம்?

காலையில் வெறும் வயிற்றில் ஒரு 'கேஸ் மாத்திரை' போட்ட பிறகுதான் நாளைத் தொடங்குகிறவர்கள் நம்மில் ஏராளம். வருஷக்கணக்கில் அதைப் போடுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் கேள்வி வரும்: இதை ஆயுசு முழுக்கத் தொடர்வதா, லேப்ராஸ்கோப்பியில் ஓர் ஆபரேஷன் செய்துகொண்டு விட்டுவிடுவதா? இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய மருத்துவ ஆய்வுகள் இருக்கின்றன. பெரிய ஆய்வு ஒன்றில் மாத்திரை முந்துகிறது, இன்னொன்றில் ஆபரேஷன் முந்துகிறது. என்னைக் கேட்டால் இரண்டுமே சரி. யாரை வைத்துச் சோதித்தார்கள் என்று பார்த்தால் முரண்பாடு விலகிவிடும்.

முதலில் மாத்திரையும் ஆபரேஷனும் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. அது வேண்டாத நேரத்தில் தளர்ந்தால் இரைப்பையில் இருப்பது மேலேறும். இதுதான் எதுக்களிப்பு நோய். 'கேஸ் மாத்திரை' என்கிற ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல், எசோமெப்ரசோல் எதுவும் இந்தத் தசையைத் தொடுவதில்லை. இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளியேற்றும் புரோட்டான் பம்புகளை அவை முடக்குகின்றன. ஆகவே மேலே வருவது வந்துகொண்டுதான் இருக்கும், அதில் அமிலம் குறைந்திருக்கும். எரிச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் குனிந்தாலே சாப்பிட்டது தொண்டைவரை வருகிற தொல்லை பலருக்கு அடங்காது.

ஆபரேஷன் வேலை செய்வது வேறு இடத்தில். அறுவை மருத்துவர் ருடால்ஃப் நிஸ்ஸன் 1956-ல் வெளியிட்ட முறை இது. இரைப்பையின் மேல்பகுதியை எடுத்து உணவுக்குழாயின் அடியைச் சுற்றி, கழுத்தில் துண்டு சுற்றுவதுபோல் சுற்றித் தைத்துவிடுகிறார்கள். அமிலம் வழக்கம்போல் சுரக்கும், ஏறிவரும் வழி இறுகியிருக்கும். ஏப்பம் வெளியேறுவதும் இதே வழியில்தான் என்பதால் சிலருக்கு ஏப்பம் விடவோ வாந்தி எடுக்கவோ முடியாமல் வயிறு உப்பிக்கொள்ளும். லேப்ராஸ்கோப்பி வழியாக இதைச் செய்வது 1991-ல் தொடங்கியது.

மாத்திரை முந்திய ஆய்வின் பெயர் லோட்டஸ். 11 ஐரோப்பிய நாடுகளில் 554 பேர், 5 ஆண்டுகள். 2011-ல் வெளியான முடிவில், நோய் கட்டுக்குள் இருந்தவர்கள் எசோமெப்ரசோல் பக்கம் 92%, ஆபரேஷன் பக்கம் 85%. மேலோட்டமாகப் பார்த்தால் விஷயம் முடிந்தது என்று தோன்றும். ஆனால் இதில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லோரும் ஏற்கெனவே மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்பட்டவர்கள். மாத்திரை கேட்காதவர்கள் வாசலிலேயே வடிகட்டப்பட்டார்கள். நடுவில் தொல்லை வந்தால் மாத்திரையின் அளவைக் கூட்டவும் விதிகள் இடம் கொடுத்தன. நிதி கொடுத்தது அந்த மருந்தைத் தயாரிக்கும் அஸ்ட்ராசெனகா. முடிவைத் தள்ளிவிட இது காரணமாகாது, ஆனால் படிக்கும்போது மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

லோட்டஸில் தலைப்புச் செய்தியாகிற எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதன் உள்விவரம். 5 ஆண்டு முடிவில், சாப்பிட்டது மேலே வருகிற தொல்லை இருந்தவர்கள் மாத்திரைப் பக்கம் 13%, ஆபரேஷன் பக்கம் 2%. விழுங்கச் சிரமம் மாத்திரையில் 5%, ஆபரேஷனில் 11%. வயிறு உப்புசம் 28%, 40%. வாயு பிரிதல் 40%, 57%. ஆக, ஒரு தொல்லையைக் கொடுத்து இன்னொரு தொல்லையை வாங்குகிறோம். எது பொறுக்க முடியாதது என்பது ஆளுக்கு ஆள் மாறும். இரவில் புரையேறி எழுந்து உட்காருகிறவருக்கு உப்புசம் பெரிதாகத் தெரியாது. மேடையில் பேசிப் பிழைக்கிறவருக்குத் தெரியலாம்.

'ஆபரேஷன் செய்தால் மாத்திரையே வேண்டாம்' என்ற பேச்சையும் எண்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்வீடனில் 2005 முதல் 2014 வரை இந்த ஆபரேஷன் செய்துகொண்ட 2,655 பேரைப் பின்தொடர்ந்தார்கள். 17.7% பேருக்கு நோய் திரும்பியது. அவர்களில் பெரும்பாலோர் மீண்டும் நீண்டகால மாத்திரைக்கே போனார்கள், சிலருக்கு இரண்டாவது ஆபரேஷன். ஆறில் ஒருவருக்கு மேல் திரும்பும் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே நோயாளியிடம் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

மாத்திரையைப் பற்றிய பயமும் பல நேரம் அளவுக்கு மீறியது. எலும்பு தேயும், சிறுநீரகம் கெடும், மறதி வரும் என்றெல்லாம் வந்த செய்திகள் பெரும்பாலும் கவனிப்பு ஆய்வுகளை, அதாவது மருந்து கொடுத்துச் சோதிக்காமல் ஏற்கெனவே போடுகிறவர்களைக் கவனித்து மட்டும் பார்க்கும் ஆய்வுகளை நம்பியவை. ஏற்கெனவே உடல்நலம் குன்றியவர்கள்தான் இந்த மாத்திரையை அதிகம் போடுகிறார்கள் என்பதால் அவற்றில் காரணத்தைப் பிரித்தறிவது கடினம். காம்பஸ் ஆய்வில் 17,598 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பக்கம் பான்டோப்ரசோல், மறுபக்கம் வெற்று மாத்திரை கொடுத்துச் சுமார் 3 ஆண்டுகள் பார்த்தார்கள். தெளிவாகக் கூடியது குடல் தொற்று ஒன்றுதான்: பான்டோப்ரசோலில் 1.4%, வெற்று மாத்திரையில் 1.0%. மூன்று ஆண்டு என்பது முப்பது ஆண்டு ஆகாது, உண்மைதான். ஆனாலும் இந்தப் பயத்தை மட்டும் காரணமாக வைத்து ஆபரேஷனுக்குப் போவதை நான் ஏற்கமாட்டேன்.

மாத்திரையை நிறுத்தும்போது வருகிற எரிச்சல் வேறு விஷயம். டென்மார்க்கில் எந்தத் தொல்லையும் இல்லாத 120 பேரில் பாதிப் பேருக்கு 8 வாரம் எசோமெப்ரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். அடுத்த 4 வாரத்தில் அவர்களில் 44% பேருக்கு அமிலத் தொல்லை வந்தது. வெற்று மாத்திரை போட்டவர்களில் 15%. அடக்கி வைத்த சுரப்பு கொஞ்ச காலம் கூடுதலாகத் திரும்புவதால் இப்படி ஆகிறது. 'நிறுத்தினால் எரியுது, அதனால் எனக்கு நோய் முற்றிவிட்டது' என்று முடிவு கட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இப்போது நடுவில் வொனோப்ரசான் என்ற புது மாத்திரை வந்திருக்கிறது. அதே பம்பை வேறு வழியில் தடுக்கிறது, சாப்பாட்டுக்கு முன் என்ற கட்டாயமும் இல்லை. 1,024 பேரிடம் நடந்த ஆய்வில் 8 வாரத்துக்குள் உணவுக்குழாய்ப் புண் ஆறியது 92.9%, பழைய வகை மாத்திரையான லான்சோப்ரசோலில் 84.6%. புண் உள்ளவர்களுக்கு இது நல்ல முன்னேற்றம். ஆனால் இதுவும் தசையைத் தொடாத மருந்துதான்.

அடுத்து, ஆபரேஷன் முந்திய ஆய்வு. இதுதான் எல்லாவற்றிலும் பாடம் நிறைந்தது. அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் நடந்து 2019-ல் வெளியானது. மாத்திரைக்கு அடங்காத நெஞ்செரிச்சல் என்று அனுப்பப்பட்டவர்கள் 366 பேர். முதலில் எல்லோருக்கும் ஒமெப்ரசோல் 20 மி.கி. தினம் இரண்டு வேளை, 2 வாரம். அதிலேயே 42 பேருக்குச் சரியாகிவிட்டது. மிச்சப் பேருக்கு எண்டாஸ்கோப்பி, திசுப் பரிசோதனை, தசையழுத்தச் சோதனை, மூக்கு வழியே மெல்லிய குழாய் விட்டு அமிலத்தை அளக்கும் சோதனை எல்லாம் செய்தார்கள். 99 பேருக்கு எரிச்சலுக்கும் அமிலத்துக்கும் சம்பந்தமே இல்லை. 23 பேருக்கு உணவுக்குழாயில் வேறு கோளாறு. வேறு காரணங்களாலும் பலர் கழிந்தபின் ஆய்வுக்குத் தேறியவர்கள் 78 பேர்.

அந்த 78 பேரில் ஆபரேஷன் செய்துகொண்ட பக்கம் 27-ல் 18 பேருக்கு ஓர் ஆண்டில் பலன் கிடைத்தது. ஒமெப்ரசோலோடு, சுருக்குத்தசை வேண்டாத நேரத்தில் தளர்வதைக் குறைக்கும் பாக்லோஃபென் முதலிய மருந்துகள் பெற்றவர்களில் 25-ல் 7 பேருக்கு. ஒமெப்ரசோல் மட்டும் தொடர்ந்தவர்களில் 26-ல் 3 பேருக்கு. 67%, 28%, 12%. ஆபரேஷனுக்கு ஆதரவான மிக வலுவான எண்கள் இவை. சோதனைகளால் சலித்தெடுக்காமல் அந்த 366 பேரையும் மேசையில் ஏற்றியிருந்தால் இந்த எண்கள் வந்திருக்காது.

அதனால் ஆபரேஷன் பேச்சு வந்தால் மருத்துவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: அமிலத்தை அளந்து பார்த்தாச்சா? 24 மணி நேரத்தில் 6%-க்கு மேல் உணவுக்குழாயில் அமிலம் நின்றால் நோய் உறுதி, 4%-க்குக் கீழே என்றால் இயல்பு என்று நிபுணர்கள் சேர்ந்து வகுத்த லியோன் ஒப்பந்த வரையறை சொல்கிறது. நோய் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள் மாத்திரையைச் சில நாள் நிறுத்திவிட்டு இதைச் செய்ய வேண்டும். அப்புறம் தசையழுத்தச் சோதனை. அக்கலேசியா என்ற நோயிலும் நெஞ்சு எரியும், சாப்பிட்டது திரும்பி வரும். ஆனால் அதில் சுருக்குத்தசை திறக்கவே மறுக்கிறது. அந்த இடத்தைச் சுற்றித் தைத்தால் தண்ணீர்கூட இறங்காது.